மேலுக்கு முடியல

வேன் அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்றபோது மணி காலை பத்தரை. ஒரகடத்து வெயில் அதற்குள் ஓவர்டைம் பார்க்கத் தொடங்கியிருந்தது. முதலில் இறங்கியவர் பாஸ்டர் டிராய். ஒஹாயோக்காரர். ஆறடி இரண்டு அங்குலம். சொந்த ஊரில் பழைய கார் விற்கிறவர். வருஷத்தில் பத்து நாள் மட்டும் உலகத்தை இரட்சிக்கிறவர். அந்தப் பத்தில் ஏழு முடிந்துவிட்டது. மீதி மூன்று நாளில் இந்தக் கட்டடத்துச் சுவர்களுக்கு வண்ணம் பூசி, கடைசி நாள் மதியம் ஒரு கூட்டம் நடத்திவிட்டு விமானம் ஏறுவதாக ஏற்பாடு.

டிராய்க்கு இந்தியாவின் மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. இருண்ட தேசம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்து பார்த்தால் மீனம்பாக்கத்திலிருந்து வல்லம் வடகால் வரைக்கும் ஒரே விளக்கு. வழிநெடுக டிரெய்லர் லாரிகளில் அடுக்கிவைத்த புத்தம்புதுக் கார்கள். கொரிய எழுத்தில் ஓட்டல் பலகைகள். படமெடுக்க ஒரு குடிசை வேண்டுமென்று மூன்று நாள் தேடினார். கடைசியில் கிடைத்த ஒரே ஓலைக்கூரை நெடுஞ்சாலை ரிசார்ட் ஒன்றினுடையது. அதன் முன்னால் முழங்காலிட்டு, கண்ணை மூடி, உருக்கமாக ஒரு படம் எடுத்துக்கொண்டார். பின்னால் தெரிந்த நீச்சல்குளத்தை செல்போனிலேயே வெட்டிவிட்டார்.

அவரோடு வந்த ஐந்து பேரில் டோனா என்ற அம்மாளைத் தவிர மற்றவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களுக்கே இருந்திருக்காது. டோனா ஓய்வுபெற்ற நர்ஸ். அதிகம் பேசமாட்டார். அந்தக் குழுவில் அதுவே பெரிய தகுதி.

எங்களை வரவேற்றவர் அப்போஸ்தலர் டாக்டர் பெருமாள்சாமி. டாக்டர் பட்டம் தபாலில் வந்தது. அப்போஸ்தலர் பட்டம், பேனரில் இடம் மிஞ்சியிருக்கிறதே என்று பேனர்க்காரன் போட்டுக்கொடுத்தது. என் பெயர் திருமலை, ஊர் வாலாஜாபாத், பிழைப்பு மொழிபெயர்ப்பு. வாரநாட்களில் தொழிற்சாலை மீட்டிங்குகள், மற்ற நாட்களில் இந்த மாதிரி ஊழியங்கள். 'திருமலை' என்று சொன்னால் வெள்ளைக்காரர்களின் விசுவாசம் ஆட்டம் காணும் என்று எனக்கு 'பிரதர் திமோத்தி' என்று பெயர் வைத்திருந்தார். வைத்தவர் பெயர் பெருமாள்சாமி. இதிலுள்ள வேடிக்கை கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்லவேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று நடுவில் மூக்கை நுழைக்கக் கூடாது. நாக்கை வாடகைக்கு விட்டவனுக்குச் சொந்தமாக ஒரு 'நான்' கிடையாது.

அந்த விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை. மீறியிருக்கலாம்.

வாசலில் 'ஜெப மாளிகை' என்று புதுப் பலகை தொங்கியது. அதற்கு மேலே, பழைய பலகையைக் கழற்றிய இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே 'பெண்கள் தங்கும் விடுதி' என்று எழுதியிருந்தது.

என் கால் படியிலேயே நின்றுவிட்டது.

"இன்னா திருமல, பேயறஞ்சவன் மாரி நின்னுகினு கீற?" என்றார் பெருமாள்சாமி.

"இந்த வூடா?"

"சும்மா கெடந்துச்சிப்பா. ரெண்டு வருசமா எவனும் குடி வரல. கர்த்தர் நமக்குன்னு பூட்டி வச்சிருந்தாரு."

உள்ளே பெரிய கூடம். பூட்டிக் கிடந்த ஈரமும் எலிப்புழுக்கையும் கலந்த நாற்றம். அதற்கும் அடியில், மிக மெல்லியதாக, இன்னொன்று.

தலைவலித் தைலம்.

சமையலறை வாசலில் செந்தாமரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விடுதியாக இருந்த காலத்தில் நாற்பது பெண்களுக்கு ஆக்கிப்போட்டவள். இப்போது பெருமாள்சாமிக்காகக் கதவைத் திறந்து பூட்டுகிறவள். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி வெங்காயத்தைப் பார்த்தாள். வெங்காயத்துக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் தூரிகையோடு சுவரில் பாய்ந்தார்கள். பெரும்பகுதி வண்ணம் அவர்கள் மேலேயே விழுந்தது, அதைப் படமெடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு வாலாஜாபாத்திலிருந்து பெயிண்டர் வந்து ஒழுங்காக அடித்துக்கொடுப்பார் என்பது எனக்கும் பெருமாள்சாமிக்கும் மட்டும் தெரிந்த தேவரகசியம்.

உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்பு மேலே ஏதோ இழுபட்டது.

இரும்புக் கட்டில், சிமெண்டுத் தரையில்.

எல்லோரும் நிமிர்ந்தோம். மாடிப்படியை ஒரு கம்பிக் கதவு மறித்திருந்தது. பூட்டின் மேல் இரண்டு வருஷத் துரு.

பிறகு இருமல். வறண்ட, சின்ன இருமல். மற்றவர்களுக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது போல.

மேலே யார் என்று டோனா கேட்டார். நான் சமையலறைக்குப் போனேன்.

"மேல யாருக்கா?"

செந்தாமரை கத்தியை நிறுத்தவில்லை.

"மேல யாரும் இல்ல சார்," என்றாள். "மேலுக்குத்தான் முடியல."

நான் கூடத்துப் பக்கம் திரும்பினேன்.

"இன்னா சார், இப்பவாச்சும் புரியிதா? நீதானே அன்னிக்கு அந்த ஆபீசுல பேசுனது? நானு எட்டாங்கிளாஸ் ஃபெயிலு. மூணு வருசம் அந்த தெக்கத்திப் பொண்ணுங்களுக்கு ஆக்கிப் போட்டதுல எனக்கே புரியும். இங்கிலீசு படிச்ச உனுக்குப் புரியல!"

இனி மறைத்துப் பயனில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். மீட்டிங் அறையில் ஒரு வெளிநாட்டு மேனேஜர், நான், எதிரே ஒரு பெண். நீலக் கோட்டு, தொப்பி, முகமூடி. வெளியே தெரிந்தது கண் மட்டும். முகமூடியைத் தாண்டித் தலைவலித் தைலம் மணத்தது. இசக்கிசெல்வி, இருபது வயது, நாங்குநேரிப் பக்கம். ஷிஃப்ட் நடுவில் லைனை விட்டு எழுந்து வந்துவிட்டாள் என்று சூப்பர்வைசர் புகார். ஏன் எழுந்தாய் என்று கேட்டேன்.

"சார், மேலுக்கு முடியல" என்றாள்.

நான் வாலாஜாபாத்துக்காரன். எனக்கு மேல் என்றால் மேலே. தொழிற்சாலையில் மேலே என்றால் மேலதிகாரி. மேலே இருப்பவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை என்கிறாள், திமிரைப் பார் என்று நினைத்தேன். நினைத்ததைச் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். மேனேஜரின் முகம் இறுகியது. அவள் மூன்று தடவை சொன்னாள். நானும் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இன்னும் நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். புகார் இருந்தால் எழுதிக் கொடுக்கட்டும், இப்போது லைனுக்குப் போகட்டும் என்றார் மேனேஜர். அதை மட்டும் பிசகில்லாமல் மொழிபெயர்த்தேன்.

கதவருகே நின்று என்னைப் பார்த்து, "வாரேன் சார்" என்றாள். அவர்கள் ஊரில் 'வரேன்' கிடையாது; 'வாரேன்'தான்.

ஷிஃப்டை முடித்தாள். விடுதிக்கு வந்தாள். மேல்மாடியில், சிமெண்டு ஷீட்டுக்கு அடியில் கிடந்த கட்டிலில் படுத்தாள். மறுநாள் காலை ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்தும் இறங்கி வரவில்லை.

பிணவறை வாசலுக்கும் என்னைத்தான் அனுப்பினார்கள், கம்பெனிக்காரர்கள் சொல்வதைத் தமிழில் சொல்ல. அவளுடைய அப்பா ஒரு துண்டைப் பிடித்தபடி நின்றார்.

"மேலுக்கு முடியலப்பான்னு போன்ல சொன்னா. ஆபீஸ்லயும் சொல்லிட்டேன்னா. ஒருத்தருமாய்யா கேக்கல?"

"மேலுக்குன்னா?" என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "என்னய்யா இப்படிக் கேக்கிய? மேலு தெரியாதா? இந்தா, இந்த மேலுதான்" என்று தன் நெஞ்சிலிருந்து கை வரைக்கும் தடவிக் காட்டினார். "ஒடம்பு."

அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜெப மாளிகையில் இரண்டாம் நாள் மதியம், மேலேயிருந்து கேட்ட இருமல் டிராய்க்குப் பிடித்துப்போய்விட்டது. குடிசை கிடைக்காத குறைக்கு ஒரு பிசாசாவது கிடைத்ததே! இது அந்தகாரத்தின் கோட்டை என்று அறிவித்தார். செல்போனைத் தாங்கியில் மாட்டச் சொன்னார். சாவி தொலைந்துவிட்டது என்று செந்தாமரை சாதித்தாள். பெருமாள்சாமி சுத்தியலால் பூட்டைத் தட்டினார். பூட்டு இதற்காகவே காத்திருந்ததுபோல விழுந்தது.

மேல்மாடி அறை அடுப்பாகக் கொதித்தது. மற்றக் கட்டில்களை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். ஒன்று மட்டும் நடு அறையில் கிடந்தது. அதன் கால்களிலிருந்து சுவர் வரைக்கும் தரையில் புதிய கீறல்.

ஆணியில் ஒரு நீலக் கோட்டு.

தைல வாசனை கண்ணைக் கரித்தது.

டிராய் கட்டில் கம்பியில் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்தார். பிறகு காமிரா ஞாபகம் வந்து மறுபடி வைத்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த இரும்பின் சூடு இல்லை அது. காய்ச்சல்காரர் நெற்றியின் சூடு. மெல்ல நடுங்கிக்கொண்டும் இருந்தது, குளிர்சுரம் வந்த உடம்பைப் போல.

"டிரெய்லர் போவுது, அதான் அதிருது" என்றார் பெருமாள்சாமி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

டிராய் குரலை உயர்த்தினார். இரண்டு வாக்கியம் போனதும் நிறுத்தி, இது தமிழ்ப் பிசாசல்லவா, ஆங்கிலம் தெரியாதே, நீ மொழிபெயர் என்றார். ஆளில்லாத அறைக்கு மொழிபெயர்த்தவன் இந்தியாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவர் கத்தினார். நானும் கத்தினேன்.

"ஒளியாதே! என்கிட்ட வா! உனக்கு என்ன வேணும்னு என்கிட்ட சொல்லு!"

அவர் 'என்னிடம்' என்றார். அதனால் நானும் 'என்கிட்ட' என்றேன். விதி.

அறை நிசப்தமானது. கீழே தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம்கூட நின்றது.

பிறகு, காதுமடலில் மூச்சு படும் தூரத்தில், பணிவான ஒரு குரல்.

"வாரேன் சார்."

யார் காதில் என்றால், என் காதில்.

டிராய் முகம் சுளித்தார். வெளிச்சம் சரியில்லையாம், முகம் இருட்டாக விழுந்துவிட்டதாம். இன்னொரு தடவை செய்யலாம் என்றார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். பெருமாள்சாமி என் முழங்கையைக் கிள்ளி, "சொல்லுய்யா திமோத்தி, நாளைக்குப் போற மனுசன்" என்றார்.

இரண்டாவது தடவையும் 'என்கிட்ட வா' என்றேன். என் குரல் உடைந்தது. நல்ல உணர்ச்சி என்று டிராய் பாராட்டினார். படியிறங்கும்போது அவர் இருமினார்.

வறண்ட, சின்ன இருமல்.

கடைசி நாள் மதியம் கூடத்தில் கூட்டம். பதினாலு பேர் வந்திருந்தார்கள். பதினாலு பேரும் போன வருஷம் ஜெர்மானியரிடம் இரட்சிக்கப்பட்டவர்கள். அதற்கு முந்தின வருஷம் கொரியரிடம். பிரியாணி பதமாக இருந்தால் எத்தனை தடவை இரட்சிக்கப்படவும் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. முன்வரிசையில் ராஜாமணி, கம்பெனிச் சீருடையோடு. "சீக்கிரம் கை தூக்கச் சொல்லு பாஸ்டரே, ரெண்டரைக்கு எனுக்கு ஷிஃப்ட் பஸ்ஸு" என்றான்.

டிராய் எழுந்தார். முகம் சாம்பலாக இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு அவர் உடம்பிலிருந்து தைல வாசனை அடித்தது. ஏழு நாளாக மனப்பாடமான அதே பிரசங்கம்தான். பழைய காரை உதாரணம் காட்டும் இடம் வந்தது. என்ஜின் என்றார். நிறுத்தினார்.

என் பக்கம் திரும்பினார். முகத்தில் மற்றதெல்லாம் செத்துக் கிடந்தது. கண் மட்டும் உயிரோடு இருந்தது. முகமூடி போட்டவள் கண் போல.

"சார்," என்றார். ஒஹாயோ வாடையே இல்லாத 'சார்'. "மேலுக்கு முடியல."

கூடமே முன்னால் சாய்ந்தது. அப்புறம் கைதட்டல் கிளம்பியது. "டேய், தொர தமிழ் பேசறாருடா!" என்று ராஜாமணி எழுந்தே விட்டான்.

"இன்னா சொல்றாரு?" என்றார் பெருமாள்சாமி. என்ன சொன்னார் என்று டோனா ஆங்கிலத்தில் கேட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்கு அந்தக் கூடத்தில் நின்றிருந்த ஆட்களில் எனக்கு மட்டும்தான் அர்த்தம் தெரியும். ஆனால் அர்த்தத்தைச் சொன்னால் எனக்கு அர்த்தம் தெரியும் என்றாகிவிடும். எப்போதிலிருந்து தெரியும் என்று ஒரு கேள்வி வரும். சமையலறை வாசலில் செந்தாமரையின் நிழல் அசைந்தது.

"மேலேயிருந்து," என்றேன். "உன்னதத்துலேர்ந்து பெலன் வருதுன்னு சொல்றார்." அதையே டோனாவுக்கு ஆங்கிலத்திலும் சொன்னேன். நல்ல ஆங்கிலம்.

"அல்லேலூயா!"

டிராய் மேசையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் நீலம் பாரித்தன.

"மேலுக்கு ரொம்ப முடியல சார்."

"உன்னத பெலன் ரொம்ப இறங்குதாம்" என்றேன்.

"அல்லேலூயா!" தரை அதிர்ந்தது.

மூன்றாவது தடவை சத்தமே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கண் என்னை விடவில்லை. நான் மூன்றாவது தடவையும் சொன்னேன்.

வெளியே ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்தது.

"யோவ்!" கரண்டியோடு செந்தாமரை ஓடிவந்தாள். "பெலனாவது, புண்ணாக்காவது! ஒடம்பு முடியலன்னு சொல்றாருய்யா அந்த மனுசன்! சாவப் போறாருய்யா!" டோனாவின் எதிரே நின்று தன் நெஞ்சில் அடித்துக் காட்டினாள்.

டோனாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. டிராய் சரிந்தபோது அவர் கை ஏற்கெனவே நாடியில் இருந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் பிழைக்கவைத்துவிட்டார்கள். இதயத்தில் அடைப்பு, இன்னும் அரைமணி போயிருந்தால் அவ்வளவுதான் என்றார்களாம். பத்து நாள் கழித்துச் சக்கர நாற்காலியில் விமானம் ஏறினார். ஊர் போய்ச் சேர்ந்ததும், தனக்கு இந்தியாவில் அந்நிய பாஷை வரம் இறங்கியதைச் சாட்சியாக எழுதி, ஓலைக்கூரைப் படத்தோடு அனுப்பிவைத்தார். பெருமாள்சாமி அதற்கு ஒரு பேனர் அடித்தார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அர்த்தம் தெரிந்தால் பேனர் நன்றாக வராது.

கேட்டவர் டோனா ஒருவர்தான். ஒரு நாள் வாட்ஸப்பில் எழுதியிருந்தார்: அன்று அவர் உண்மையில் என்ன சொன்னார்? அந்தச் சமையல்கார அம்மாள் எதற்கு நெஞ்சில் அடித்துக் காட்டினாள்?

வெகுநேரம் செல்போனைக் கையில் வைத்திருந்தேன். எதிர்ச் சுவரில் பல்லி ஒன்று நகர்ந்தது. யாரும் பார்க்கவில்லை. யாரும் தண்டிக்கப் போவதில்லை. ஒரு வரி எழுதினால் போதும்.

'உன்னதத்தின் பெலன்' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.

அனுப்பிய கையோடு அறையில் தைலம் மணத்தது. நான் தைலம் வைத்துக்கொள்வதில்லை.

அன்றிரவே காய்ச்சல், மூன்று நாளாகியும் விடவில்லை. நெஞ்சுக்குள் யாரோ இரும்புக் கட்டிலை இழுப்பதுபோல இருந்தது. வாலாஜாபாத் கடைத்தெருக் கிளினிக்குக்குப் போனேன். காலை பதினொரு மணி, நல்ல கூட்டம். டாக்டர் சின்னப் பையன், சென்னைக்காரன்.

"சொல்லுங்க சார், இன்னா பண்ணுது?"

நெஞ்சு அடைக்கிறது, மூன்று நாளாகக் காய்ச்சல் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"மேலுக்கு முடியல."

டாக்டர் நிமிர்ந்தார். "மேலயா? மேல லேப் சார்."

இல்லை என்று தலையை ஆட்டப் பார்த்தேன். ஆடவில்லை. நெஞ்சைத் தொட்டுக் காட்டலாம் என்று கையைத் தூக்கினேன். கை மடியிலேயே கிடந்தது.

"மேலுக்கு ரொம்ப முடியல சார்."

டாக்டர் குழம்பி, என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"நீங்க கூட வந்தவங்களாம்மா? இவரு இன்னா சொல்றாரு?"

நான் தனியாகத்தான் வந்திருந்தேன்.

பின்னாலிருந்து பதில் வந்தது. பணிவான குரல். நாங்குநேரி வாடை கொஞ்சமும் இல்லை. அசல் வாலாஜாபாத் பேச்சு, என் பேச்சு. பழகிய மொழிபெயர்ப்பாளர் போல நிதானமாக, ஒரு இடத்திலும் தடுக்காமல்.

"ஒண்ணியும் இல்ல டாக்டர். மேல கீறவங்களோட அவருக்கு ஒத்துப்போவலையாம். அத்தத்தான் சொல்லினு கீறாரு."

டாக்டர் சிரித்துவிட்டு மணியை அடித்தார்.

"அடுத்த டோக்கன்."